'இறந்தார்' என்ற சொல்லுக்கு வேர் தேடுவது எப்படி?

சாவைக் குறிக்கும் சொல்லுக்கு வேர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். அந்தச் சொல் பிறந்த நாளிலிருந்தே சாவைத்தான் குறித்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். தமிழில் அப்படி நேரடியாகச் சாவைச் சொல்லும் வினை 'சா' (செத்தான், சாவான், சாக). மற்றவற்றில் பெரும்பாலானவை வேறு வேலைக்குப் பிறந்து, சாவைச் சொல்லக் கூசும் வாய்க்கு உதவ வந்தவை. துஞ்சினார் என்றால் தூங்கினார். மறைந்தார் என்றால் கண்ணுக்குத் தெரியாமல் போனார். பட்டான் என்றால் அடியோ அம்போ பட்டான். ஆகவே வேர் தேடும்போது சாவு வீட்டைச் சுற்றிச் சுற்றி வராமல், அந்தச் சொல் சாவோடு சம்பந்தமே இல்லாமல் எங்கே புழங்குகிறது என்று பார்க்க வேண்டும். விடை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

இந்த முறையை விளக்க 'இறந்தார்' நல்ல சொல். இன்று அதற்கு ஒரே பொருள்தான். பழைய நூல்களில் நான்கைந்து உண்டு.

முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டியவை

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகள், 1939இல் இணைப்பு), பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984), இன்றைய வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992). முதல் இரண்டும் இணையத்தில் தேடும் வடிவத்திலேயே கிடைக்கின்றன. இவற்றோடு உரையுள்ள திருக்குறள் பதிப்பு ஒன்று வேண்டும். பரிமேலழகர் உரை இருந்தால் போதும். சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எந்தப் பாட்டில் வருகிறது என்று காட்டும் பட்டியல்) இருந்தால் வேலை பாதியாகும்.

இவற்றைவிட முக்கியம் அட்டைகள். காகிதமோ விரிதாளோ எதுவானாலும், ஒரு மேற்கோளுக்கு ஓர் அட்டை. அதில் வரி, நூல், எண், யார் செய்தது, எதைச் செய்தது, உரைகாரர் தரும் பொருள் என்று எழுத வேண்டும். 'எதைச் செய்தது' என்ற கட்டத்தைச் சோம்பலில் விட்டுவிடக் கூடாது. ஏன் என்பது கீழே வரும்.

வினையடியைப் பிரித்தெடுத்தல்

இறந்தார் என்பதைப் பகுபத உறுப்பாகப் பிரித்தால் இற + த் (ந்) + த் + ஆர். பகுதி 'இற'. நடந்தார், கடந்தார், இழந்தார் எல்லாம் இதே அச்சு. லெக்சிகனில் வினைத் தலைப்புகளுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும். அது வினை விகற்பத்தின் எண், அதாவது அந்த வினை எந்த அச்சில் காலம் காட்டும் என்பதன் எண். இற, நட, கட, இழ நான்கும் 12 என்ற எண்ணில் வரும். எண் வேறாக இருந்தால் தவறான தலைப்பைத் திறந்திருக்கிறோம் என்று பொருள்.

இந்த இடத்தில் 'இற'வோடு குழப்பிக்கொள்ள நான்கு சொற்கள் காத்திருக்கின்றன.

முதலாவது 'இறு'. இதன் இறந்தகாலம் 'இற்றது'. இறுதி என்ற சொல் இதிலிருந்து வருகிறது. பேச்சில் 'இத்துப்போன கயிறு' என்கிறோமே, அதுவும் இதுதான். ஒலி நெருக்கத்தை வைத்து இற, இறு இரண்டையும் ஒரே வேரில் கட்டுகிறவர்கள் உண்டு. தொடக்கத்திலேயே கட்டினால் பின்னால் எந்தச் சான்று எதற்குரியது என்று பிரிக்க முடியாமல் போகும். தனித்தனிக் கட்டாகவே வைத்திருங்கள். குறளில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. 475ஆம் குறளில் 'அச்சிறும்' என்றால் அச்சு முறியும். 476இல் 'அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்' என்று வருகிறது. 'இறந்து' அங்கே 'தாண்டி'; 'இறுதி' என்பதுதான் முடிவு. (475இல் வரும் 'சாகாடு' என்பது வண்டி. அதைச் 'சாக்காடு' என்று படித்துவிட்டுச் சாவுக் கட்டில் சேர்த்துவிடாதீர்கள்.)

இரண்டாவது 'இறங்கு', அதன் பிறவினை 'இறக்கு'. 'இறக்க' என்ற எச்ச வடிவம் இற, இறக்கு இரண்டுக்கும் பொது என்பதால் இணையத் தேடலில் இறக்குமதியும் சரக்கு இறக்குவதும் வந்து குவியும். மூன்றாவது 'இர'. இரந்தார் என்றால் பிச்சை கேட்டார். ரகர றகரம் பிசகிய மின்பதிப்புகள் உண்டு; ஐயம் வந்தால் அச்சுப் பதிப்பைப் பாருங்கள். நான்காவது 'இறை'. இறப்பு என்றால் இறைவனடி சேர்வது, அதனால்தான் அந்தப் பெயர் என்று சொல்லக் கேட்கலாம். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நிற்காது. இறை என்ற வினை 'இறைத்தான்' என்று போகும். இறை என்ற பெயர்ச்சொல்லோ ஐகாரத்தை உதிர்த்துவிட்டு 'இறந்தான்' என்று வினையாக மாறியதற்கு வழியில்லை. இலக்கண அச்சில் பொருந்தாத விளக்கம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

வரிகளைத் தேடுதல்

குறைந்தது 30 வரிகளாவது வேண்டும். அவை சங்கப் பாட்டு, கீழ்க்கணக்கு, காப்பியமும் பக்திப் பாடலும், கல்வெட்டு, இன்றைய உரைநடை என்று பரவி இருக்க வேண்டும். 30உம் ஒரே நூலிலிருந்து வந்தால் அது அந்த நூலின் பழக்கத்தைத்தான் காட்டும்.

மின்பதிப்பில் 'இறந்' என்று தட்டினால் பாதிதான் கிடைக்கும். முன்சொல்லோடு புணரும்போது 'இ' தன் தனி உருவத்தை இழந்து கொக்கியாகிவிடுகிறது: எண்ணிறந்த, அளவிறந்த, இல்லிறப்பான். கணினிக்கு 'இ' வேறு, கொக்கி வேறு. சரி, 'றந்த' என்று தேடலாமே என்றால் பிறந்த, மறந்த, சிறந்த, திறந்த, பறந்த எல்லாம் திரண்டு வந்துவிடும். நடைமுறையில் உதவுவது ணிறந், னிறந், லிறந், விறந், ரிறந், திறந் என்று முன்னெழுத்தோடு சேர்த்துத் தனித்தனியாகத் தேடுவது. 'திறந்' மட்டும் கதவு திறந்தவர்களையும் கூட்டி வரும். கையால் களைய வேண்டும்.

இன்னொரு தொல்லை சீர் பிரிப்பு. அஃதிறந் தூக்கின் என்பதைப் போல, சொல் நடுவில் முறிந்து அடுத்த சீரில் தொடரும். அதனால் தேடு சொல்லை மூன்று எழுத்துக்கு மேல் நீட்டாதீர்கள். பதம் பிரித்த பதிப்பு இருந்தால் அதிலும் ஒருமுறை தேடுங்கள். ஆனால் பிரித்தவர் தம் பொருளுக்கு ஏற்பப் பிரித்திருப்பார் என்பதை மறக்க வேண்டாம்.

பொருளை உரசிப் பார்த்தல்

இப்போது 'எதைச் செய்தது' என்ற கட்டம் வேலைக்கு வருகிறது. சாகிறவர் எதையும் சாவதில்லை. சாவுக்குச் செயப்படுபொருள் கிடையாது. ஆகவே ஒரு வரியில் 'இற' ஒரு செயப்படுபொருளை எடுத்தால் அங்கே சாவு இல்லை. அகப்பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் 'சுரம் இறந்தோர்' பாலை நிலத்தைக் கடந்து போன தலைவன். பொருள் தேடிப் போனவனைப் பிணமாக்கிவிட்டு, தலைவி ஏன் அவன் வரவுக்குக் காத்திருக்கிறாள் என்று குழம்பும் புது வாசகர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

செயப்படுபொருள் வெளிப்படையாக இல்லாத வரிகளில் இரண்டு மாற்றுச் சொற்களை வைத்துப் பாருங்கள்: 'கடந்தார்', 'செத்தார்'. எது உட்கார்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, பிறகு உரையைத் திறக்கவும். உரையை முதலில் பார்த்தால் சோதனைக்கு மதிப்பில்லை.

குறளில் செய்து பார்க்கலாம். 'பொறுத்தல் இறப்பினை என்றும்' (152): சாவைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை, பிறர் எல்லை தாண்டிச் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்கிறது. 'இறந்த வெகுளி' (531) அளவு கடந்த கோபம். 'எளிதென இல்லிறப்பான்' (145) பிறன் மனையில் எல்லை மீறுகிறவன். வீட்டில் சாகிறவன் அல்ல. நாலடியாரில் 'இறப்பச் சிறிதென்னாது' என்று வரும் இடத்தில் 'இறப்ப' என்றால் 'மிக'. மறுபக்கம், 'வையத்து இறந்தாரை எண்ணிக்கொண் டற்று' (22) என்பதில் கடந்தாரும் மீறினாரும் உட்காரவில்லை. உலகில் இதுவரை செத்தவர்களை எண்ணுவது போல என்பதுதான் பொருள்.

எல்லாவற்றுக்கும் மேலாக 310ஆம் குறள். 'இறந்தார் இறந்தார் அனையர்.' முதல் இறந்தார் கோபத்தில் எல்லை மீறியவர். இரண்டாம் இறந்தார் செத்தவர். ஒரே அடியில் ஒரே சொல், பழைய பொருளும் புதிய பொருளும் தோள் உரசி நிற்கின்றன. ஒரு சொல் பொருள் மாறும் வழியில் இரு பொருளும் ஒருசேரப் புழங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. எந்தச் சாவுச் சொல்லை ஆராய்ந்தாலும் இப்படிப்பட்ட 'இரட்டை வரி' ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். துஞ்சு என்ற சொல்லுக்கும் குறளிலேயே உதவி இருக்கிறது. 'துஞ்சினார் செத்தாரின் வேறல்லர்' (926) என்கிறபோது துஞ்சினார் இன்னும் தூங்குகிறவர்தான். செத்தாருக்குத் தனிச் சொல் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்றைய பேச்சில் ஒட்டியிருக்கும் எச்சம்

பழைய பொருள் அவ்வளவு எளிதில் அழிவதில்லை. உறைந்த தொடர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணிறந்த மக்கள் என்றால் எண்ணிக்கையைக் கடந்த மக்கள். அளவிறந்த அன்பு அளவைத் தாண்டிய அன்பு. இறந்த காலம் என்றால் செத்துப்போன காலம் என்று பள்ளிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள்; அது கடந்த காலம். நன்னூல் 382 'இறப்பு எதிர்வு நிகழ்வு எனக் காலம் மூன்றே' என்கிறது. அந்த இறப்பில் துக்கம் ஏதுமில்லை. 'இறந்தது தழீஇய எச்சவும்மை' என்ற இலக்கணக் குறியீட்டிலும் இறந்தது என்றால் முன்னே நடந்து முடிந்தது. இப்படி மூன்று நான்கு எச்சங்கள் கிடைத்தால் வேர்ப்பொருளை நம்பி எழுதலாம். ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் அது தற்செயலாகவும் இருக்கலாம்.

அயல் மொழிகளோடு ஒப்பிடுதல்

சா இங்கே நல்ல பாடம். தமிழில் செத்த, மலையாளத்தில் சத்து, கன்னடத்தில் சத்த, தெலுங்கில் சச்சு. 'சாவு' என்ற பெயர்ச்சொல் நான்கிலும் ஏறக்குறைய அதே உருவில் இருக்கிறது. சாவான், செத்தான் என்று ஒழுங்கற்றுத் திரியும் வினை, அதுவும் உறவு மொழிகள் எல்லாவற்றிலும் இருப்பது, மிகப் பழைய சரக்கு என்பதற்கு அடையாளம்.

ஒப்பிடும்போது ஒலி ஒப்புமை போதாது. ஒலி மாற்ற விதி வேண்டும். தமிழ்ப் பிணத்துக்குக் கன்னடத்தில் 'ஹெண'. பார்வைக்கு உறவே இல்லை. ஆனால் பால் ஹாலு ஆகிறது, பல் ஹல்லு ஆகிறது. சொல் முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் என்ற விதி தெரிந்தால் உறவு புலப்படும். நேர்மாறான பொறி 'சவம்'. சாவோடு ஒட்டிப் பிறந்ததைப் போலவே இருக்கிறது, ஆனால் அது வடமொழி 'சவ' என்ற சொல். மரணம், மரித்தார் ஆகியவையும் வடமொழி வழி வந்தவை. மய்யித், மௌத், வபாத் ஆகியவை அரபியிலிருந்து முஸ்லிம்களின் தமிழுக்கு வந்தவை. கடன் சொல் என்று தெரிந்ததும் வேர் தேடுவதை நிறுத்திவிட்டு, எந்த மக்களின் பேச்சில் எந்தச் சூழலில் புழங்குகிறது என்று தேடலைத் திருப்புங்கள்.

பேச்சு வடிவம்: இழவு, எழவு, எளவு

வாயில் உருமாறிய சொல்லுக்கு அந்த உருவை வைத்து வேர் சொல்வது பெரிய பிழை. எழவு என்பதை எழு என்ற வினையோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. இலை எலை ஆகிறது, இடம் எடம் ஆகிறது, விலை வெலை ஆகிறது. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால் முதல் இகரம் பேச்சில் எகரமாகும். எழவு என்பது இழவு. ழகரம் ளகரமாகும் ஊர்களில் எளவு. வேர் 'இழ'.

இதன் பொருள் நகர்ந்த வழி நேராகவே தெரிகிறது. 'பேதைப் படுக்கும் இழவூழ்' என்ற 372ஆம் குறளில் இழவு வெறும் இழப்புதான்; சாவு இல்லை, கைப்பொருள் போவது. பிறகு வீட்டார் ஒருவரை இழப்பது, பிறகு அந்தச் சாவை ஒட்டிய துக்கமும் சடங்கும். 'இழவுக்கு வந்தவள் தாலி அறுப்பாளா' என்ற பழமொழியில் இழவு என்பது ஆள் இறந்ததைவிடத் துக்க வீட்டு நிகழ்ச்சியையே குறிக்கிறது. கடைசியில் 'என்ன எழவு இது' என்று எரிச்சலைக் கொட்டும் வசவாகிவிட்டது. அகராதியில் கடைசிப் பொருளைத் தாழ்ந்த வழக்கு என்று விட்டுவிடுவார்கள். நீங்கள் விடாதீர்கள், ஒரு சொல் இறங்கி வந்த படிகளை அறிய வசவு மிக நல்ல சாட்சி.

எழுத்துப் பிழையால் வரும் போலிச் சான்றையும் இங்கே களைய வேண்டும். 'இழவு காத்த கிளி' என்று எழுதப்படுவது இலவு காத்த கிளி. இலவம் பஞ்சு மரத்தின் காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளி அது. அதைத் துக்க வீட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

மங்கல வழக்கா என்று பார்த்தல்

சொல் எப்படிச் சாவுப் பொருளுக்கு வந்தது என்பதற்குத் தமிழ் இலக்கணமே ஒரு பெயர் வைத்திருக்கிறது. நன்னூல் 267 இடக்கரடக்கல் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது), மங்கலம் (அமங்கலத்தை நல்ல சொல்லால் சொல்வது), குழூஉக்குறி (ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்) என்ற மூன்றையும் தகுதி வழக்காகச் சொல்கிறது. மங்கலத்துக்கு உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகளே செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும்தான்.

இந்தப் படியில் யாரைப் பற்றி அந்தச் சொல் சொல்லப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். புறநானூற்றுக் குறிப்புகளில் மன்னர்கள் துஞ்சுகிறார்கள்: குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். சோழர் கல்வெட்டிலும் அதே மரபு தொடர்கிறது. சுந்தர சோழன் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு நடுகல்லில் வரும் சொல் வேறு: 'பட்டான்'. சாவு ஒன்றுதான், அரசனுக்கு உறக்கம், வீரனுக்கு அடி. 'இறந்துபட்டான்' என்று இன்றும் எழுதுகிறோமே, அதன் வால் இந்தப் 'படு' என்ற வினைதான்.

மங்கலச் சொல் நாளடைவில் மங்கலம் இழக்கும். இறந்தார் ஒரு காலத்தில் கடந்து போனார் என்ற மறைமொழி. இன்று அதுவே நேரான சொல்லாகி, அதை மறைக்கக் காலமானார், மறைந்தார், தவறிவிட்டார், இயற்கை எய்தினார் என்று அடுத்த வரிசை வந்துவிட்டது. எனவே ஒவ்வொரு அட்டையிலும் அந்த வரியில் சொல் மறைக்கிறதா, நேராகச் சொல்கிறதா என்று ஓர் எழுத்தால் குறித்து வையுங்கள். அட்டைகளைக் கால வரிசையில் அடுக்கினால் எந்த இடத்தில் மறைப்பு கழன்றது என்று தோராயமாகத் தெரியும். தோராயமாகத்தான். பழம்பாட்டுகளின் காலத்தை ஆண்டுக் கணக்கில் பிடிக்க முடியாது என்பதால் 'குறளுக்கு முன்', 'சோழர் கல்வெட்டுக் காலத்தில்' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

குறிப்பை எழுதி முடித்தல்

வேலை முடிந்தபின் குறிப்பு சுருக்கமாக இருக்கட்டும். இந்த அளவு போதும்:

இற (வினை, இறந்து, இறப்ப, இறக்க). 1. கடத்தல்: சுரம் இறந்தோர் (சங்க அகப்பாடல்), அஃதிறந்து ஊக்கின் (குறள் 476). 2. அளவு மீறுதல்: இறந்த வெகுளி (531). 3. நெறி மீறுதல்: இறப்பினை (152), இல்லிறப்பான் (145). 4. காலம் கழிதல்: இறப்பு எதிர்வு நிகழ்வு (நன்னூல் 382). 5. சாதல்: இறந்தாரை (22). இரட்டை வரி: குறள் 310. எச்சம்: எண்ணிறந்த, அளவிறந்த. ஒப்பு நோக்காதவை: இறு, இர, இறக்கு, இறை.

கடைசிக் கட்டத்தை, அதாவது ஒப்பு நோக்காதவற்றை, கட்டாயம் எழுதுங்கள். கூரையின் உட்சரிவை 'இறப்பு' என்று சொல்லும் வழக்கும் உண்டு. கிராமத்துப் பேச்சில் 'எறப்புல செருகி வச்சிருக்கேன்' என்று கேட்ட யாரோ ஒருவர் நாளை அதையும் சாவோடு சேர்த்து ஒரு கதை கட்டுவார். அதற்குத் தனி அட்டை, தனித் தலைப்பு.